கொலஸ்ட்ரால் மாத்திரையும் ஒரு நொதியும்

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அடோர்வாஸ்டாடின் போட்டுக்கொள்ளும் பலர், அது ரத்தத்தில் இருக்கும் கொழுப்பைக் கரைக்கிறது என்று நினைக்கிறார்கள். அது எதையும் கரைப்பதில்லை. கல்லீரல் செல்லுக்குள் போய் ஒரு நொதியின் வேலையைக் கெடுக்கிறது. மீதியைச் செல்லே பார்த்துக்கொள்கிறது.

நம் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி முட்டையிலிருந்தோ கறியிலிருந்தோ வந்ததல்ல; உடம்பே தயாரித்தது. அசிட்டைல் கோஏ என்ற சிறு மூலக்கூறில் தொடங்கி, இருபத்தைந்து படிகளுக்கு மேல் தாண்டி அது உருவாகிறது. படிகளை நகர்த்துபவை நொதிகள். நொதி ஒரு புரதம். மடிந்து சுருண்ட அதன் உடலில் ஒரு குழிவு இருக்கும். உரிய மூலக்கூறு அதில் வந்து உட்கார்ந்தால், தானாக நடக்க ஆண்டுக்கணக்கில் ஆகக்கூடிய வினைகூட நொடியில் முடிந்துவிடும். நொதி செலவாவதில்லை, அடுத்த மூலக்கூறுக்குத் தயாராகிவிடும். 1894இல் எமில் ஃபிஷர் இதைப் பூட்டும் சாவியும் என்றார். பள்ளிப் பாடத்தில் இன்றும் அதுதான். ஆனால் நொதி பூட்டைப் போல விறைத்து நிற்பதில்லை. மூலக்கூறு நுழையும்போது குழிவு அதற்கேற்ப நெளிந்து பிடித்துக்கொள்கிறது என்று 1958இல் டேனியல் கோஷ்லண்ட் விளக்கினார்.

இத்தனை படிகளிலும் செல் முக்கியமாகக் காவல் வைத்திருப்பது தொடக்கத்தில் வரும் ஒரு படியில்தான். அங்கே வேலை செய்யும் நொதியின் பெயர் எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ். மாத்திரை முடக்குவது இதைத்தான். செல்லில் கொலஸ்ட்ரால் போதுமான அளவு சேர்ந்துவிட்டால், புதிதாக இந்த நொதியைத் தயாரிப்பது குறையும். இருக்கும் நொதியும் சீக்கிரமே உடைத்துத் தள்ளப்படும். செல்லில் ஆற்றல் தட்டுப்பாடு வந்தால் நொதியின் மேல் ஒரு பாஸ்பேட் ஒட்டப்படும், அது சோர்ந்துவிடும். பாஸ்பேட்டை எடுத்தால் மறுபடி வேலைக்கு வரும். கொலஸ்ட்ராலுக்குப் பற்றாக்குறை வந்தாலோ, இதே நொதி கூடுதலாக உற்பத்தியாகும்.

ஜப்பானின் சான்கியோ நிறுவனத்தில் இருந்த அகிரா எண்டோ, ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து, 1973இல் பெனிசிலியம் சிட்ரினம் என்ற பூசணத்தில் இந்த நொதியை முடக்கும் பொருளைக் கண்டுபிடித்தார். அதன் ஒரு பகுதி, நொதி வழக்கமாகப் பிடிக்கும் எச்எம்ஜி மூலக்கூறு போலவே இருந்ததால் குழிவில் போய் உட்கார்ந்துகொண்டது. பிடியோ அசல் மூலக்கூறைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் இறுக்கம். சோதனைக் குழாயில் பிரமாதமாக வேலை செய்த அதை எலிகளுக்குக் கொடுத்தார்கள். ரத்தக் கொலஸ்ட்ரால் குறையவே இல்லை. நொதி முடங்க முடங்க, எலியின் கல்லீரல் அதே நொதியைப் பல மடங்கு தயாரித்து ஈடுகட்டியிருக்கிறது! திட்டம் அத்தோடு முடிந்திருக்கும். கோழிகளுக்குக் கொடுத்தபோது கொலஸ்ட்ரால் குறைந்ததால்தான் பிழைத்தது. அந்த வழியில், ஸ்டாடின் எனப்படும் இவ்வகை மருந்துகளில் முதலாவதாக லோவாஸ்டாடின் 1987இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

மனிதக் கல்லீரலும் சும்மா இருப்பதில்லை; அதுவும் நொதியைக் கூட்டத்தான் செய்கிறது. ஆனால் கொலஸ்ட்ரால் குறைவதை உணர்ந்ததும், ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து போகும் எல்டிஎல் துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகளையும் தன் மேற்பரப்பில் அதிகமாக்கிக்கொள்கிறது. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசோதனை அறிக்கையில் எல்டிஎல் இறங்குவது பெரும்பாலும் இந்த இழுப்பால்தான். தயாரிப்பு குறைவதன் பங்கு அதற்கு அடுத்ததுதான்.

அளவை இரட்டிப்பாக்கினால் பலனும் இரட்டிப்பாகும் என்று நினைக்க வேண்டாம். ஸ்டாடின் அளவை ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் எல்டிஎல் மேலும் சுமார் 6 சதவீதம்தான் இறங்கும். பக்கவிளைவு வாய்ப்போ கூடும். அதேபோல, அறிக்கையில் நார்மல் என்று வந்துவிட்டதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்து போனதும் நொதி பழையபடி வேலைக்கு வந்துவிடும். சில வாரங்களில் எல்டிஎல் பழைய இடத்துக்கே ஏறிவிடும். கூட்டுவதானாலும் குறைப்பதானாலும் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.