ரூபாய் நோட்டில் ஸ்டார் இருக்கா? கள்ள நோட்டா, அரிய நோட்டா... கண்டுபிடிப்பது எப்படி?

அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையிலோ, ஆவடி பேருந்து நிலையத்திலோ மீதிச் சில்லறையாக ஒரு 100 ரூபாய் நோட்டு வருகிறது. வரிசை எண்ணுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி. 'ஐயோ, கள்ள நோட்டா?' என்று பதறுபவர்களும் உண்டு. 'லட்சக்கணக்கில் விலை போகும்' என்று பீரோவில் பூட்டி வைப்பவர்களும் உண்டு. ரெண்டுமே தப்பு!

ஸ்டார் எதற்கு?

100 நோட்டுகள் கொண்ட ஒரு கட்டில் ஏதாவது ஒரு நோட்டு அச்சாகும்போதே பழுதாகிவிடும். முன்பெல்லாம் அதே எண்ணில் இன்னொரு நோட்டை அச்சடித்து வைப்பார்கள். 2006-ல் 10, 20, 50 ரூபாய்களில் இந்த முறை மாறியது. பழுதான நோட்டுக்குப் பதில் ஸ்டார் போட்ட நோட்டை வைத்தார்கள். 500 ரூபாயில் ஸ்டார் வந்தது 2016 டிசம்பரில்தான். இவை செல்லும் நோட்டுகளே என்று 2023 ஜூலையில் ரிசர்வ் வங்கி விளக்கம் தந்தது.

சேகரிப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

* எண்ணோடு சேர்ந்து மங்கலாகத் தெரியும் ஆங்கில எழுத்து. சில நோட்டுகளில் இது இருக்காது.
* கையெழுத்து: ரிசர்வ் வங்கி ஆளுநர் மாறினால் இதுவும் மாறும். ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் நிதித்துறைச் செயலாளர் கையெழுத்து.
* பின்பக்கம் கீழே உள்ள அச்சான ஆண்டு.

ஒரே ஆளுநர், ஒரே ஆண்டு, ஆனால் எழுத்து வேறு என்றால், சேகரிப்பாளருக்கு அது தனி ரகம்.

அச்சுப்பிழையா, கைவேலையா?

எண் இல்லாமல் வருவது, இரண்டு இடத்திலும் வேறு வேறு எண் இருப்பது, வெட்டு தவறி ஓரத்தில் கூடுதல் காகிதம் ஒட்டியிருப்பது போன்றவை அச்சுப்பிழைகள். ஆனால் எண்ணைச் சுரண்டி எடுத்தும் ஏமாற்றுவார்கள். சுரண்டிய இடத்தில் காகிதம் பஞ்சு மாதிரி எழும்பியிருக்கும். அளவையும் ஸ்கேலால் பாருங்கள். இப்போதுள்ள 500 ரூபாய் நோட்டு 150 மி.மீ. நீளம், 66 மி.மீ. அகலம். அதைவிடச் சிறியது என்றால், யாரோ ஓரத்தை வெட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

உஷார்!

'786 நோட்டு இருக்கா? லட்சம் தருகிறோம்' என்று விளம்பரம் வரும். போன் செய்தால் முதலில் பதிவுக் கட்டணம், அப்புறம் கமிஷன், அதற்கப்புறம் வரி என்று கேட்பார்கள். கட்டியதோடு போச்சு! பழைய நோட்டு, நாணய விற்பனையில் தங்களுக்குத் தொடர்பில்லை, இதற்காக யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்துள்ளது. பணத்தை இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும்.

இன்னொன்று. 2016-ல் செல்லாததாக அறிவிக்கப்பட்ட 500, 1000 ரூபாய் நோட்டுகளை மொத்தம் 10-க்கு மேல் வைத்திருப்பது 2017-ல் வந்த சட்டப்படி குற்றம். ஆய்வுக்கோ நாணயச் சேகரிப்புக்கோ என்றால் 25 வரை வைத்திருக்கலாம்.

விலையைத் தீர்மானிப்பது அந்த ரகம் எவ்வளவு அரிது, மடிப்பு விழாமல் இருக்கிறதா என்பதுதான். கையில் இருப்பது கசங்கிய சாதாரண ஸ்டார் நோட்டா? பூந்தமல்லி மார்க்கெட்டில் தாராளமாகக் காய்கறி வாங்கலாம்!