குருதிப் புற்றும் மருந்தின் விலையும்

நாட்பட்ட மைலாய்டு லுகேமியா எனும் குருதிப் புற்றுநோயில், எலும்பு மஜ்ஜையில் தோன்றும் பிழையான நொதியொன்று வெள்ளணுக்களை ஓயாது பெருக்குகிறது. 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இமாட்டினிப் அந்நொதியை முடக்குகிறது. நோயாளி பல்லாண்டு வாழலாம். ஆயின், மாத்திரையை நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். ஆகவே விலையே ஆயுளை வரையறுக்கிறது. நோவார்ட்டிஸின் கிளிவெக் இந்தியாவில் மாதத்திற்கு ஓர் இலட்சம் ரூபாயைத் தாண்டியது. உள்நாட்டு நிறுவனங்களின் அதே மருந்தோ அப்போது ஏறத்தாழப் பத்தாயிரம் ரூபாயாகவே இருந்தது.

அதன் படிக வடிவத்திற்குக் கோரப்பட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம், குணமாக்கும் ஆற்றலைக் கூட்டினாலன்றிப் புத்தாக்கமாகாது என்பதே சட்டத்தின் 3(டி) பிரிவு. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று மறுப்பை உறுதிசெய்தது. எனினும் மருந்து மலிந்தால் மட்டும் போதாது. அதன் பயனை அளந்தறியும் மரபணுச் சோதனையும் ஏழைக்கு எட்டவேண்டும்.