சுக்கான் இல்லாத பயணம்

வெப்பக்காற்று பலூனை ஓட்டுபவரால் செய்யக்கூடியவை இரண்டே: மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதும். இடம் வலமாகத் திருப்புவதற்கு அதில் சுக்கானும் இல்லை, முன்னே உந்துவதற்கு இயந்திரமும் இல்லை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கமே பலூன் நகரும் என்பதால், புறப்படும் இடத்தை அறிந்து ஏறும் பயணி எவரும் இறங்கும் இடத்தை அறிந்து ஏறுவதில்லை. விடியற்காலையில் பலூனில் பறந்துவிட்டுப் பகல் முழுவதும் வழிகாட்டியுடன் சுற்றுப்புற ஊர்களைப் பார்த்துத் திரும்பும் ஒருநாள் சுற்றுலா, துருக்கியின் கப்படோக்கியாவிலும் எகிப்தின் லுக்சோரிலும் இலங்கையின் தம்புள்ளையிலும் நன்கு வேரூன்றிவிட்டது. இதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வானத்தையே வருணிக்கின்றனர். ஆயினும் ஓர் ஊர் இதற்கு ஏற்றதா என்பதைத் தீர்மானிப்பது, வானத்தைவிட, பலூன் வந்து இறங்கும் நிலம்தான்.

இது தொடக்கத்திலேயே தெரிந்துபோன உண்மை. 1783-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27 அன்று பாரிசிலிருந்து ஆளில்லாமல் விடப்பட்ட ஹைட்ரஜன் பலூன் கோனெஸ் என்னும் சிற்றூரில் போய் விழுந்தபோது, வானிலிருந்து வந்த பூதம் என்று அஞ்சிய ஊர்மக்கள் கவைக்கோல்களால் அதைக் குத்திக் கிழித்துவிட்டனர். அதே ஆண்டு நவம்பர் 21 அன்று மோங்கோல்ஃபியே சகோதரர்கள் உருவாக்கிய வெப்பக்காற்று பலூனில் இருவர் பாரிசின் மேலே ஏறத்தாழ 25 நிமிடம் பறந்தனர். கயிற்றில் கட்டாமல் மனிதர் பறந்த முதல் பயணம் அதுவே. வைக்கோலை எரித்துப் பறந்த அந்தப் பலூனில் தீப்பொறி துணியைப் பற்றாமல் காப்பதே பெரும்பாடாக இருந்தது. பின்னர் ஹைட்ரஜன் பலூன்களே ஓங்கி நிற்க, வெப்பக்காற்று பலூன் நெடுங்காலம் ஒதுங்கியே கிடந்தது. 1960 அக்டோபர் 22 அன்று அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் எட் யோஸ்ட் என்பவர், புரொப்பேன் எரிவாயுவில் எரியும் பர்னரைப் பலூனோடு சேர்த்தே எடுத்துச் சென்று பறந்து காட்டிய பிறகுதான் அதற்கு மறுவாழ்வு கிடைத்தது. இந்தியாவுக்கும் இதில் ஒரு பெருமை உண்டு: 2005 நவம்பர் 26 அன்று தொழிலதிபர் விஜய்பத் சிங்கானியா மும்பையிலிருந்து புறப்பட்டு, 21,027 மீட்டர் உயரத்தை எட்டி உலகச் சாதனை படைத்தார். அவர் அமர்ந்திருந்தது காற்றழுத்தம் குறையாதபடி மூடிய அறை. சுற்றுலாப் பயணிகள் நிற்பதோ சில நூறு மீட்டர் உயரத்தில் செல்லும் திறந்த பிரம்புக் கூடை.

பலூன் மேலே எழும்புவதன் காரணம் எளியது. சூடான காற்று விரிவடைவதால், அதே கொள்ளளவில் அதன் எடை குறைகிறது. காலையில் வெளிக்காற்றின் வெப்பம் 22 டிகிரி செல்சியசாக இருக்கையில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1,200 கிராம். 100 டிகிரிக்குச் சூடாக்கிய காற்றோ ஒரு கன மீட்டருக்குச் சுமார் 950 கிராம். இந்த 250 கிராம் வேறுபாடுதான் பலூனின் தூக்கும் வலு. 3,000 கன மீட்டர் கொள்ளும் நடுத்தரப் பலூன் ஒன்று இவ்வகையில் ஏறத்தாழ 750 கிலோவைத் தூக்கும். அதில் உறை, கூடை, பர்னர், எரிவாயு உருளைகள் ஆகியவற்றுக்கே 300 கிலோவுக்கு மேல் போய்விட, எஞ்சியதில் விமானியும் மூன்று நான்கு பயணிகளும் ஏறலாம். அதே பலூனை 35 டிகிரி வெயிலில் ஏற்ற முயன்றால் தூக்கும் வலு 600 கிலோவாகச் சுருங்கும், அதாவது இரண்டு பேரை இறக்கிவிட வேண்டியிருக்கும். விடியலின் அழகைக் காட்டி விற்கப்படும் இச்சுற்றுலாவுக்கு விடியற்காலையைத் தேர்ந்தெடுத்ததில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

அதைவிட முக்கியமான காரணம் காற்றின் அமைதி. இரவில் நிலம் குளிர்ந்து, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துத் தரையோடு படிந்துவிடுவதால், அதிகாலையில் கீழ்க்காற்று மிகவும் மெதுவாகவே நகரும். சூரியன் ஏறி இரண்டு மூன்று மணி நேரத்தில் தரை சூடேறி, ஆங்காங்கே காற்று தூண்போல மேலெழத் தொடங்கும். ‘தெர்மல்’ எனப்படும் இந்த மேலேற்றத்தைப் பருந்துகள் விரும்பினாலும், பலூன் விமானிகள் அதற்கு அஞ்சுவர், ஏனெனில் அதில் சிக்கிய பலூனை விரும்பிய இடத்தில் இறக்குவது கடினம். ஆகவே பயணிகள் இருட்டிலேயே எழுந்து, விடிவதற்குள் திடலுக்கு வந்துவிட வேண்டியுள்ளது.

திடலில் நடப்பதையும் பார்க்க வேண்டும். முதலில் கைப்பிடியளவு ஹீலியம் பலூன் ஒன்றை மேலே விட்டு, அது எந்த உயரத்தில் எப்பக்கம் சாய்கிறது என்று விமானி கவனிக்கிறார். காற்று உயரத்துக்கு உயரம் திசை மாறுவதுண்டு. ஏறி இறங்கி வேண்டிய காற்றைப் பிடித்துக்கொள்வதே இத்தொழிலின் கலை. பின்னர் நைலான் உறையைத் தரையில் நீளவாக்கில் விரித்து, கூடையைப் படுக்க வைத்து இணைத்து, பெரிய மின்விசிறியால் குளிர்ந்த காற்றை உள்ளே செலுத்துகின்றனர். உறை பாதிக்கு மேல் உப்பியதும் பர்னரைத் திறந்தால், நெருப்பில் கருகாத தனித்துணியால் ஆன அடிவாய் வழியே சுடர் உள்ளே பாய்ந்து, சில நிமிடங்களில் ஏழெட்டு மாடி உயரமுள்ள உறை நிமிர்ந்து நிற்கும், கூடையும் எழுந்து நேராகிவிடும். பயணிகள் ஏறியபின் பர்னர் விட்டு விட்டே எரிகிறது. எரித்த சூடு பலூனில் பலித்து மேலேற்றமாகத் தெரியச் சில நொடிகள் ஆகும் என்பதால், விமானி எப்போதும் அடுத்த கணத்துக்காகவே எரிக்கிறார். சுடர் அடங்கியதும் காதில் விழுவது தரையிலுள்ள நாயும் சேவலும்தான். காற்றோடு சேர்ந்தே நகர்வதால் முகத்தில் காற்று படுவதே இல்லை. வேகமாகப் பறக்கப்போகிறோம் என்று வந்தவர்களுக்கு இது முதல் வியப்பு. இறங்குவதற்கு உறையின் உச்சியிலுள்ள வட்ட மடலைக் கயிற்றால் இழுத்துத் திறந்து, சூட்டை வெளியேற்ற வேண்டும்.

தமிழ்நாட்டில் இப்பயணத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது, 2015 முதல் பொங்கல் விடுமுறையையொட்டிப் பொள்ளாச்சியில் நடந்துவரும் பன்னாட்டு பலூன் திருவிழா. பல நாட்டு விமானிகள் தத்தம் பலூன்களுடன் வருகின்றனர். 2025-இல் பத்தாவது விழா சென்னையை அடுத்த திருவிடந்தையிலும் மதுரையிலும்கூட நடைபெற்றது. இங்குப் பெரும்பாலோருக்குக் கிடைப்பது பலூனைக் கயிற்றால் தரையோடு கட்டி, கொஞ்ச உயரம் ஏற்றி இறக்கும் சிறு அனுபவமே. கட்டவிழ்த்து விடும் பயணம் சிலருக்குத்தான் வாய்க்கிறது. அதற்குப் பொள்ளாச்சி நிலமும் ஒரு காரணம் எனலாம். மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த இடைவெளியான பாலக்காட்டுக் கணவாய் அருகில் இருப்பதால், தை மாதக் கீழைக்காற்று அவ்வழியே கேரளத்துக்குள் புகுகிறது. பொள்ளாச்சியில் எழும்பிய பலூன் எல்லை தாண்டிப் பாலக்காட்டு வயலில் இறங்கியது நாளிதழ்ச் செய்தியாகவும் வந்தது. கீழே பார்க்கப் பச்சைக் கம்பளமாகத் தெரியும் தென்னந்தோப்புகள், இறங்க இடம் தேடும் விமானிக்கு உதவுவதில்லை. ஆனால் பறந்து முடித்தவர்களுக்கு அங்கே பகல் நிறைவாகவே கழியும்: ஆழியாறு அணை, டாப்ஸ்லிப் தேக்குக் காடு, நீதி கேட்டு வருவோர் மிளகாய் அரைத்துப் பூசும் ஆனைமலை மாசாணியம்மன் கோயில் என்று வழிகாட்டி சொல்வதற்கு விஷயம் நிறைய உண்டு.

இறங்கும் நிலம் என்னும் இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு கடலூர் மாவட்டத்தின் கருவேப்பிலங்குறிச்சியைப் பார்த்தால் ஒரு சுவையான கேள்வி எழுகிறது. விருத்தாசலத்துக்குத் தெற்கே வெள்ளாற்றங்கரையை ஒட்டிய இவ்வூர், பலூன் ஏறும் இடமாக இதுவரை பெயர் பெற்றதில்லை. ஆயினும் சம்பா அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் மாசி, பங்குனியில், சமதளமாகப் பரந்து கிடக்கும் இங்குள்ள வயல்களைப் போல இறங்குவதற்கு வசதியான நிலம் பொள்ளாச்சியில் கிடைப்பது அரிது. மார்கழியிலும் தையிலும் காலையில் கவியும் மூடுபனி எதிரே உள்ளதை மறைத்துவிடும். மாசிக்குள் அது பெரிதும் விலகிவிடுகிறது. பலூனைத் தொடர்ந்து ஓடிவர வேண்டிய வண்டிக்கு நாற்புறமும் சாலைகள் உண்டு. கரும்புக் கொல்லைகளும் முந்திரிக் காடுகளும் குறுக்கிடும் என்றாலும், அவற்றைத் தாண்டிச் செல்லும் அளவுக்கு வெட்டவெளியும் இருக்கிறது.

தடையாக இருப்பது நெய்வேலி. 1956-இல் நிறுவப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் வானிலிருந்து பார்க்கத்தக்க காட்சிதான். பூமியைப் படிப்படியாக வெட்டி இறங்கும் அச்சுரங்கங்களின் பரப்பைத் தரையில் நின்று எவரும் முழுமையாக உணர முடியாது. ஆனால் அங்கிருந்து புறப்பட்டு நாலா திசையிலும் செல்லும் உயர் அழுத்த மின்தொடர்கள், பலூனுக்கு யமன். 2016 ஜூலை 30 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், லாக்ஹார்ட் அருகே மின்கம்பியில் மோதிய பலூனில் இருந்த 16 பேரும் இறந்தனர். 2013 பிப்ரவரி 26 அன்று லுக்சோரில் 19 உயிர்களைப் பலிகொண்ட விபத்தோ, தரையிறங்கும் வேளையில் பற்றிய எரிவாயுத் தீயால் நேர்ந்தது. வெள்ளாற்றுச் சமவெளியில் யாரேனும் இத்தொழிலைத் தொடங்குவதாக இருந்தால், மின்கோபுரங்கள் ஒவ்வொன்றையும் குறித்த வரைபடம் இல்லாமல் ஒரு பலூனையும் எழுப்பக் கூடாது. காற்று வடகிழக்கே, நெய்வேலிப் பக்கம் திரும்பும் நாளில் பயணத்தை ரத்து செய்யும் துணிவும் வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வழங்கும் உரிமம் விமானியிடம் உள்ளதா என்பதை ஏறுமுன் கேட்டறிவது பயணியின் பொறுப்பு. இறங்கும்போது முழங்காலை மடக்கி, செல்லும் திசைக்கு முதுகு காட்டி, கூடைக்குள் இருக்கும் கயிற்றுப் பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டும். கூடை சாய்ந்து சற்றுத் தூரம் இழுபட்டால், நிற்கும் வரை எவரும் வெளியே குதிக்கலாகாது, ஏனெனில் ஒருவர் குதித்தால் எடை குறைந்து பலூன் மீண்டும் எழும்பும். வயலுக்குச் சொந்தக்காரரிடம் கேட்ட பிறகே வண்டியை வரப்பு தாண்டி உள்ளே விடுவது, சட்டம் சொல்லாவிட்டாலும் காக்க வேண்டிய மரியாதை.

எட்டு மணிக்குள் பலூன் சுருட்டப்பட்டுவிட, மீதிப் பகல் வழிகாட்டிக்கு உரியது. அருகே மணிமுத்தாறும் வெள்ளாறும் கூடும் இடத்தில் திருக்கூடலையாற்றூர் உள்ளது. முதுகுன்றமாகிய விருத்தாசலத்துக்குப் போகும் வழியைச் சுந்தரர் விசாரிக்க, வேதியர் உருவில் எதிரே வந்த சிவன், இது கூடலையாற்றூருக்குப் போகும் வழி என்று சொல்லி உடன் நடந்து மறைந்ததாகத் தலவரலாறு கூறுகிறது. கேட்ட ஊருக்கு வழி சொல்லாமல், பார்க்க வேண்டிய ஊருக்கு அழைத்துப் போனவரை, இந்தப் பாதையின் முதல் சுற்றுலா வழிகாட்டி என்று சொன்னால் பிழையில்லை. தொடர்ந்து ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராக சுவாமி கோயில். மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்குப் போகும் அப்பெருமாளை அங்குள்ள முஸ்லிம்கள் வரவேற்று மரியாதை செய்யும் வழக்கத்தை வழிகாட்டி சொல்லாமல் விட்டால் அது குறைதான். விருத்தாசலத்தில் பழமலைநாதர் கோயிலில் கோபுரம், பிரகாரம், நந்தி, தீர்த்தம், தேர் எல்லாம் ஐந்தைந்து என்பது ஊரார் வாய்ப்பாடாகச் சொல்வது. தரைமட்டத்துக்குக் கீழே படியிறங்கிச் சென்று வணங்க வேண்டிய ஆழத்துப் பிள்ளையாரைப் பார்ப்பது, காலையில் உயரே நின்றவர்களுக்கு நல்ல மாற்று. பக்கத்து மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில். தமக்கு நேர்ந்த அநீதியைத் தாளில் மனுவாக எழுதி, சன்னிதியில் வைத்துப் பூசித்தபின் முனியப்பர் முன்னுள்ள சூலத்தில் கட்டுவதை இங்கே ‘பிராது கட்டுதல்’ என்கின்றனர். காரியம் கைகூடியதும் திரும்ப வந்து பிராதை வாபஸ் வாங்கவும் வேண்டும். காவல் நிலையமும் நீதிமன்றமும் வந்த பின்னும் இவ்வழக்கம் குறையவில்லை.

கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணிவாக்கில்தான் திறக்கும் என்பதை, நாள் திட்டத்தை வகுப்போர் அடிக்கடி மறந்துவிடுகின்றனர். அந்த இடைவேளைக்கு விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்கூடங்கள் பொருத்தமானவை. கூழாகக் கரைத்த மண்ணைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றினால், அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, அதன் உட்சுவரை ஒட்டி மண் ஓடுபோல இறுகுகிறது; மீதிக் கூழைக் கவிழ்த்து ஊற்றி, அச்சைப் பிரித்தால் உள்ளே கூடான பொம்மை ஒன்று ஈரத்தோடு வெளிவரும். அது காய்ந்து, பிசிறு சீவி, சூளையில் வெந்து, வண்ணம் ஏறி, கொலுப்படிக்கோ கடைத்தெருவுக்கோ போகிறது. மின்சாரத்தைத் தாங்கும் ஃப்யூஸ் கட்டைகளும் இவ்வூர்ப் பீங்கானில் உருவாகின்றன. உணவை முடித்துக்கொண்டு இங்கே ஒரு மணி நேரம் செலவிட்டால், நடை திறக்கும் வேளைக்குப் பழமலைநாதர் கோயிலுக்கு வந்துவிடலாம். நேரம் மிஞ்சினால் தெற்கே ஜெயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்டசோழபுரம் போய், இராசேந்திர சோழன் எழுப்பிய கோயில் விமானத்தை மாலை வெயிலில் பார்த்துவிட்டு அங்கிருந்தே ஊர் திரும்புவது வசதி.