வாசலில் தேவதாரு வேண்டுமா?

சிம்லாவின் குளிரைத் தாங்கும் பசுமை மரங்கள் பல உண்டு. எதை எங்கே நடுவது என்பதில்தான் வீட்டின் பாதுகாப்பு இருக்கிறது.

2023 ஆகஸ்டில் கொட்டித் தீர்த்த மழையில் சிம்லாவின் மலைச்சரிவுகள் சரிந்தன. நூற்றுக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அவற்றில் பல, வானளாவ வளர்ந்த தேவதாருக்கள். வீடுகள் மீதும் கார்கள் மீதும் அவை விழுந்தன. அதுவரை வீட்டுக்கு அழகு என்று நினைத்த மரத்தைப் பலர் பயத்தோடு அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

மரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. இமாச்சலப் பிரதேசத்தின் மாநில மரமான தேவதாரு, 40 மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. அதன் காலடியில் சரிவை வெட்டி வீடு கட்டினால் வேர் அறுபடும். சுற்றிலும் சிமென்ட் பூசினால் வேர் மூச்சுத் திணறும். பிறகு மண் ஊறும்போது மரம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

குளிரை அது நன்றாகத் தாங்கும் என்பது உண்மை. ஊசி இலைகளின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் நீர் அதிகம் வீணாவதில்லை. இளமரத்தின் கூம்பு வடிவம் பனியைச் சறுக்கிவிடுகிறது. ஆனால் அதற்குப் பரந்த இடம் வேண்டும். வீட்டை ஒட்டிய நாலடித் தோட்டம் போதாது.

ஐந்தைந்து ஊசிகளாகக் கொத்துவிடும் கைல் பைனும் உயரமாக வளர்வதுதான். 1,800 மீட்டருக்குக் கீழே செழிக்கும் சீர் பைன் வீட்டருகே ஆகவே ஆகாது. கோடையில் உதிரும் அதன் காய்ந்த ஊசிகளும் பிசினும் தீக்கு நல்ல தீனி. பான் எனப்படும் கருவாலி மரம் மண்ணின் ஈரத்தைக் காக்கும். ஆனால் கனத்த பனியில் கிளைகள் முறியலாம்.

சின்னத் தோட்டத்துக்கு ஏற்றது புரான்ஸ். நீலகிரியில் காட்டுப்பூவரசு என்று அழைக்கப்படும் மரத்தின் வடக்கத்திய உறவு இது. மெதுவாக வளரும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சிவப்பாகப் பூக்கும். பூவில் சர்பத்தும் செய்கிறார்கள். புளிப்புத் தன்மையுள்ள மண்ணும், நீர் தேங்காத இடமும் இருந்தால் போதும்.

திசையும் முக்கியம். வாடைக் காற்றைத் தடுக்கப் பசுமை மரங்கள் வடக்கே நிற்கலாம். தெற்கே நட்டால் குளிர்கால வெயிலை மறைத்துவிடும். அங்கே இலையுதிர்க்கும் ஆப்பிள் அல்லது வாதுமை நட்டால் கோடையில் நிழலும், குளிரில் வெயிலும் கிடைக்கும்.

கன்றுகளை மழைக்காலத் தொடக்கத்தில் நடலாம். நடும்போது அது முழங்கால் உயரம்தான். வளர்ந்த பிறகு பயந்துபோய் வெட்டலாம் என்றால், அதற்கு அனுமதி வாங்க வேண்டும். எட்ட நட வேண்டிய மரத்தை எட்ட நடுவது, கன்றாக இருக்கும்போது மட்டுமே சுலபம்.