மூளை அலையும் நம் காதும்

லேபில் இன்புட் எதுவும் கொடுக்காமல் விட்டாலும் ஆஸிலாஸ்கோப்பில் கோடு லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். 'நாய்ஸ்' என்று ஒதுக்கிவிடுவோம். நம் மூளையும் சும்மா இருக்கும்போதே அலை அலையாய் ஆடுகிறது. ஆனால் இதை ஒதுக்க முடியாது. காதில் விழும் சத்தத்துக்கு மூளை என்ன பதில் சொல்லும் என்பது இந்த ஆட்டத்தையும் பொறுத்தது.

மனித மூளை அலைகளை 1929-இல் முதலில் வெளியிட்டவர் ஜெர்மனி டாக்டர் ஹான்ஸ் பெர்கர். கண்ணை மூடி அமைதியாக இருந்தால் விநாடிக்கு 8 முதல் 13 தடவை ஆடும் அலை வரும். அதற்கு ஆல்ஃபா என்று பெயர். திடீரென்று 'டமால்' சத்தம் கேட்டால் ஆல்ஃபா அறுந்துபோகும்.

நான் இதைத் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் ஒரே ரூமில் ஐந்து பேர். பறக்கும் ரயில், பக்கத்து வீட்டு டி.வி., குழாயடிச் சண்டை எல்லாம் உள்ளேதான் கேட்கும். "படிக்கிற பிள்ளைக்கு எங்க உக்காந்தாலும் ஏறும்" என்பார்கள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். ஏறலைன்னா கோளாறு என் மண்டையிலா என்று பயம்.

டெல்லி எய்ம்ஸில் பி.கே.ஆனந்த் குழுவினர் யோகிகளைச் சோதித்து 1961-இல் எழுதினார்கள். சாதாரணமாக இருக்கும்போது பலத்த சத்தம் யோகியின் ஆல்ஃபாவையும் கலைத்தது. தியானத்தில் இருந்தபோது அதே சத்தம் கலைக்கவில்லை! காதும் அதேதான், சத்தமும் அதேதான். மாறியது உள்ளே இருந்த நிலை மட்டும்.

1966-இல் ஜப்பானில் ஜென் துறவிகளிடம் வேறு மாதிரி கண்டார்கள். நமக்கு ஒரே 'க்ளிக்' சத்தம் சில தடவையில் பழகிவிடும். அவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஆல்ஃபா அறுந்ததாம். ஆனால் 1981-இல் அமெரிக்காவில் அதிக ஆட்களை வைத்துச் செய்தபோது இந்த வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆகவே தியான விஷயத்தில் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே நம்ப வேண்டும்.

தூக்கத்தில் சந்தேகமில்லை. அலைகள் மெதுவாகிப் பெரிதாகும். சத்தத்துக்கு வரும் பதிலும் உருமாறும். அப்போதும் சொந்தப் பேரைச் சொன்னால் மற்ற பேர்களைவிட அதிகம் பதில் வருவதை 1960-இல் இங்கிலாந்தில் பதிவு செய்தார்கள். ரயில் போனால் அசையாத எங்கம்மா, தம்பி முனகினால் எழுந்துவிடுவது இதனால்தான் போலும்.

எனக்கு யோகி ஆகும் உத்தேசமில்லை, அரியர் இல்லாமல் பாஸானால் போதும். சண்டைச் சத்தத்தில் என் பேர் வேறு வந்தால் எந்த மூளைதான் திரும்பாது? சாயங்காலம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுகிறேன். சொந்தப் புத்தகம் வைத்துப் படிக்க அங்கே தனி இடமே உண்டு, வாங்களேன்.