நின்ற பிறகும் எரியும் விளக்கு

மேசைமேல் ஓட்டும் பழைய மாதிரி ரயில்களில் ஒரு வேடிக்கை உண்டு. ஓடும்போது பெட்டிகள் பளிச்சென்று எரியும். நடைமேடையில் நின்றதும் மொத்த ரயிலும் இருண்டுவிடும். தண்டவாளத்தில் 0 முதல் 12 வோல்ட் வரை கூட்டிக் குறைக்கும் மின்சாரம்தான் வேகத்துக்கும் விளக்குக்கும். பயணிகள் ஏறி இறங்கும் நேரத்தில்தான் இருட்டு!

1980-களின் இறுதியில் ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய டி.சி.சி. (டிஜிட்டல் கமாண்ட் கண்ட்ரோல்) முறை இதை மாற்றியது. ரயில் நின்றாலும் தண்டவாளத்தில் ஏறத்தாழ 15 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். அது இடைவிடாமல் திசை மாறும். ஒவ்வொரு திசையிலும் 58 மைக்ரோ நொடி நின்றால் '1', 100-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ '0'. இந்த 1, 0 வரிசையில் வரும் கட்டளையைப் படித்து இன்ஜினை ஓட்டுவது அதிலுள்ள டிகோடரின் வேலை.

பெட்டிக்கு அந்தப் படிப்பறிவு தேவையில்லை, விளக்கு எரிந்தால் போதும். நான்கு டயோடுகளைப் பாலமாக இணைத்தால் மாறுதிசை மின்சாரம் ஒருதிசையாகிவிடும். அதில் ஒன்றரை வோல்ட் போக, மீதி பதின்மூன்றரை. வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்கு 3 வோல்ட் வீதம் மூன்றை வரிசையாகக் கோத்தால் 9 போகும். மிச்சமுள்ள நாலரை வோல்ட்டுக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் நாலரை மில்லி ஆம்பியர் ஓடும். என் கண்ணுக்கு அதுவே அதிகம். பலரும் பெட்டியைக் கல்யாண மண்டபமாக்கிவிடுகிறார்கள். 4.7 கிலோ ஓம் போட்டு, மஞ்சள் சாயல் கொண்ட எல்.இ.டி.யைத் தேர்ந்தெடுத்தால் ஜன்னலுக்குள் ஆள் இருப்பது போலத் தோன்றும். விளக்கை வேண்டும்போது மட்டும் ஏற்றி அணைக்க ஆசைப்படுகிறவர்கள் பெட்டிக்கும் தனி டிகோடர் வைக்கலாம்.

பெரிய எரிச்சல், மினுக்கல். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே துளி அழுக்கு போதும், விளக்கு கண் சிமிட்டும். கெபாசிட்டர் சேர்த்தால் அந்த நொடியைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் பத்துப் பெட்டிகளின் கெபாசிட்டர்களும் ஒரே சமயத்தில் மின்சாரத்தை உறிஞ்சினால், தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர், ஷார்ட் சர்க்யூட் என்று நினைத்து அதை நிறுத்திவிடும். அதற்குத்தான் கெபாசிட்டர் நிரம்பும் வழியில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று வைப்பார்கள்.

கெபாசிட்டர் வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன், சக்கரங்களை ஒருமுறை துடைத்துப் பாருங்கள்.