எறாவும் ரத்தத் தட்டும்

முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை கடலும் உப்பங்கழியும் கலக்குது இல்லையா, அந்த மாதிரி வெதுவெதுப்பான உவர்நீர்தான் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்கிற பாக்டீரியாவுக்குத் தோதான இடம். எறா, நண்டு, சிப்பியோடு ஒட்டிக்கொண்டு வரும். 1950-ல் ஜப்பானின் ஒசாகாவில் மீன்குஞ்சு சாப்பிட்ட 272 பேர் நோயில் விழுந்து 20 பேர் இறந்தபோதுதான் ஃபுஜினோ இதைக் கண்டுபிடித்தார். 1996-ல் கொல்கத்தாவில் தெரியவந்த ஓ3:கே6 ரகம் பல நாடுகளுக்குப் பரவியது.

பெயரிலேயே 'ரத்தம் கரைப்பது' இருக்கு. நோயாளியிடம் எடுத்த கிருமியை மனித ரத்தம் கலந்த தனி அகர் தட்டில் வளர்த்தால், சுற்றிலும் தெளிந்த வளையம் விழும். கனகாவா நிகழ்வு என்பார்கள். கடலில் எடுத்ததில் பெரும்பாலும் விழாது. காரணம் ஒரு நச்சுப்புரதம். அதன் நான்கு மூலக்கூறுகள் சேர்ந்து செல் சவ்வில் ஓட்டை போடும். தண்ணீர் உள்ளே ஏறி சிவப்பணு வெடிக்கும். ஆனா நம்ம உடம்பில் முதலில் அடி வாங்குவது ரத்தமல்ல, குடல். அங்கே உப்பும் நீரும் ஒழுகி வயிற்றுப்போக்கு. ரத்தத் தட்டு வெறும் சாட்சி.

இந்த நச்சு 100 டிகிரியில் 10 நிமிடம் வைத்தாலும் அழியாது. அப்போ எறாக் குழம்பு சாப்பிடலாமா? தாராளமா. குடலுக்குள் நச்சைச் சுரப்பது உயிரோடு போகும் கிருமி. அது கொதியில் செத்துவிடும். ஆபத்து, எறா ஆய்ந்த அருவாமனையிலேயே பச்சடிக்கு வெங்காயம் நறுக்குவதில்தான். ஏற்ற சூட்டில் பத்து நிமிடத்தில் இது இரட்டிப்பாகும். எறாவுக்கு ஐஸ் போடுங்க. அருவாமனையை நல்லா கழுவிட்டு வெங்காயத்துக்குப் போங்க.